அன்டனா திரும்பிய பக்கம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகன் வெளிநாட்டில் இருந்த காலத்தில் அவனுக்குக் கடிதம் எழுதியதோடு என் எழுத்து முடிந்தது. மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்லப் போனால் இன்னொன்று முந்திக்கொண்டு வருகிறது. ஆனால் நீங்கள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள். பிழையைக் கண்டாலும் முகத்துக்கு நேரே சிரிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுத வைத்தது எனக்கு மூத்தவராகக் கூடப்பிறந்த நானாவின் மௌத்து வீடு. ஜனாஸாவை எடுத்துப்போன பிறகு, பெண்கள் இருந்த அறையில் பிளேன்டீ கொடுத்தார்கள். நம் வயதுக்காரி ஒருத்தி, யாரென்று சொல்லமாட்டேன், என் மருமகளைப் பார்த்து, "ஒங்கட மாமியிட நானாக்கு 'அன்டனா நானா'ண்டு பேர் வந்த கத தெரியுமா?" என்று தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே அன்டனாவைக் கெடுத்துக் கெடுத்து, கூரையில் ஏறி ஏறி நின்ற மனிதர் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் மருமகளும் சிரித்தாள். எனக்குச் சபையில் வாய் வராது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓதப் போய்விட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை.

டீவி நாட்டுக்கு வந்த புதிது அது. மடவளைப் பாதையிலிருந்து உள்ளே இறங்கும் பள்ளத்தில் எங்கள் வீடு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். உம்மாவின் தம்பி சவூதியிலிருந்து வரும்போது டீவி கொண்டுவந்தார். மரப்பெட்டிக்குள் இருக்கும் டீவி. முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு, அதற்கு ஒரு சின்னச் சாவி. சாவி வாப்பாவின் சேட்டுப் பையில்தான் இருக்கும். வாப்பாவுக்கு அந்தப் பெட்டியின் மேல் முதல் நாளே சந்தேகம். எதைக் காட்டும், எந்த நேரத்தில் காட்டும், யாருக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வத்தேகமச் சந்தைக் கடையிலிருந்து வந்து, கை கால் கழுவி, தொழுது முடித்து, செய்தி மட்டும் கேட்கலாம் என்று சொல்லித் திறப்பார். பிறகு மூடுவதற்கு மறந்துபோவார்.

பள்ளத்தில் படம் பிடிக்காது என்பது டீவியை வீட்டில் வைத்த பிறகுதான் தெரிந்தது. கண்டியில் ரேடியோ திருத்துகிற மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். தேயிலைத் தோட்டப் பக்கத்துத் தமிழ் மனிதர், மெலிந்தவர், காதில் எப்போதும் பென்சில் இருக்கும். இரண்டு இரும்புப் பைப்பை ஒன்றோடொன்று நீட்டுப் போல்ட்டால் பூட்டி, உச்சியில் மீன்முள் மாதிரி அன்டனாவைப் பொருத்தினார். வீட்டின் பின்சுவரில் இரும்புப் பட்டி அடித்து, அதற்குள் பைப்பை நிறுத்தினார். கையால் திருப்பினால் திரும்பும். ஆனால் திருப்புவதற்குச் சமைக்கிற குசினிக் கூரையில் ஏறி நிற்க வேண்டும். உச்சியிலிருந்து தட்டையான ரிப்பன் வயர் இறங்கி ஜன்னலால் உள்ளே வந்தது. அந்த வயரின் ரப்பர் வாசம் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

உயரமான பைப் காற்றுக்கு ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும் என்றார் பாஸ். ஒரு கம்பியைக் குசினிக் கூரை வளையில் கட்டினார். ஒன்றை மண்மேட்டில் ஆப்பு அடித்துக் கட்டினார். மூன்றாவது பக்கம் எங்கள் காணி இல்லை. அது பக்கத்து வீட்டு மாமியின் வளவு. எல்லையில் அவருடைய பலா மரம் நின்றது. மாமி புருஷனை இழந்தவர், ஒரே மகள். யார் எதைக் கேட்டாலும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் யோசித்துத்தான் பதில் சொல்வார். ஆண் துணையில்லாத வீட்டில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு அவரைக் கண்டால் எனக்குப் பயம்.

உம்மா வேலி இடுக்கால் போய்க் கேட்டார். மாமி வெளியே வந்து, பைப்பைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"கட்டினா கட்டிக்கோங்கோ. ஆணி மட்டும் அடிக்க வாணாம். ஆணி அடிச்சா மரம் பட்டுப்போற."

பாஸ் அடிமரத்தில்தான் ஆணி அடிக்க இருந்தார். மாமி சொன்னதால், மாமியின் வளவுப் பக்கம் நீண்டு போயிருந்த ஒரு கொப்பில், பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, அதன் மேல் கம்பியைக் கட்டினார். எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் கட்டினார். இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"படம் அனுப்புற டவர் நுவரெலியா மலையிலதான், அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கணும் தம்பி," என்று நானாவிடம் சொன்னார் பாஸ். "அசையாம இருந்தா படம் கண்ணாடி. யாராச்சும் கை வச்சா நான் பொறுப்பில்ல."

நானா அப்போது பெரிய சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தார். அன்டனாவைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பாகிவிட்டது.

முதலில் சில நாட்கள் படம் சுத்தமாக விழுந்தது. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஒரு வட்டம் வரும். கோடும் கட்டமும் போட்டு, கூடவே ஒரே ராகத்தில் ஒரு சத்தம். அதைக்கூட உட்கார்ந்து பார்த்தோம். நீங்களெல்லாம் வந்தீர்கள். பெண்கள் ஹோலுக்குள் பாயில், ஆண்கள் வெளி விறாந்தையில் ஜன்னலால். மாமியும் மகளும் வந்தார்கள். மாமியின் மகள் என் பக்கத்தில் இருப்பார். என்னை விட ஏழெட்டு வயது மூப்பு. சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் கடித்துக்கொள்வார். மாமி டீவியைப் பார்த்ததை விட ஜன்னலைப் பார்த்ததுதான் அதிகம். ஜன்னலில் யார் நிற்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று.

பிறகு படம் கெடத் தொடங்கியது. திடீரென்று இல்லை. முதலில் ஓரத்தில் அரிசி சிந்தின மாதிரி, பிறகு மழை மாதிரி, பிறகு ஆளா மரமா என்று தெரியாத அளவுக்கு. வெளியே போய்ப் பார்த்தால் அன்டனா நுவரெலியாப் பக்கத்தை விட்டு மாமியின் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். நானா ஏணி வைத்து ஏறித் திருப்பி விடுவார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கத்துவது என் வேலை. "தெரியிது... தெரியல்ல... இன்னங் கொஞ்சம்... போய்ட்டு." சரியாகிவிடும். இரண்டு மூன்று நாள் போனால் மறுபடி மாமியின் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்.

நம் ஊரில் தேங்காய்க்கோ பாக்குக்கோ ஆண்கள் மரம் ஏறுவதற்கு முன் அடியில் நின்று சத்தம் போடுவார்கள். மேலே போனால் நான்கு வளவும் தெரியும் அல்லவா. சத்தம் கேட்டதும் கிணற்றடியில் இருக்கிற பெண்கள் உள்ளே போய்விடுவார்கள், இல்லாவிட்டால் தலையில் துணி போடுவார்கள். குசினிக் கூரையில் நின்றால் மாமியின் கிணற்றடி முழுதும் தெரியும். முதல் நாள் நானா ஏணியைப் பிடித்துக்கொண்டு, இது மரமில்லையே, நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று உம்மாவிடம் கேட்டார்.

"மரமெண்டா என்ன, பைப்பெண்டா என்ன," என்றார் உம்மா. "மேல போனா கண்ணு ஒண்டுதானே. கூப்புடுங்கோ."

அதனால், சோதனை எழுதின பிள்ளை, வெள்ளைச் சேட்டோடு நின்று, "மரமேர்ற... மரமேர்ற... பொம்புளையள் உள்ளுக்கு..." என்று தென்னை ஏறுகிறவர்கள் மாதிரிக் கூப்பிட்டார். பாதையில் நின்ற அவருடைய கூட்டாளிகள் விட்டுவைப்பார்களா. இறங்கி வந்ததும், "என்ன மச்சான், இண்டைக்கு எத்தின தேங்கா?" என்று கேட்டார்கள். அடுத்த நாள் ஒருவன் கத்தியும் சாக்கும் கொண்டுவந்து நீட்டினான். நானாவின் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன். அதன் பிறகு அவருடைய கூப்பிடும் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. கூப்பிட்டார். ஆனால் குறைந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவர் மேல் சந்தேகம் வந்தது. வாப்பாவுக்குப் பாஸ் மேல். இளகின பட்டியைப் பூட்டி ஏமாற்றிவிட்டார் என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாஸ் வந்து, பட்டியை ஆட்டிப் பார்த்து, முறுக்கிவிட்டு, "இது தானா திரும்புற சாமான் இல்லீங்க. வீட்டுக்குள்ள விசாரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை வாப்பாவின் மனதில் ஊறிவிட்டது. உம்மாவுக்குக் குரங்குகள் மேல் சந்தேகம். நானாவுக்கு மாமி மேல். பலாக்காய் பறிக்கிற கொக்கத்தடியால் மாமிதான் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தட்டிவிடுகிறார் என்று என்னிடம் இரகசியமாகச் சொன்னார். நான் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் இருந்து பகல் பகலாகக் காவல் பார்த்தேன். மாமி வந்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், போனார். குரங்கும் வரவில்லை, தடியும் வரவில்லை. என் கண்ணுக்கு அன்டனா அசையவே இல்லை. சாயந்தரம் போய்ப் பார்த்தால் திரும்பியிருந்தது.

மாமிக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்லத் தேவையில்லை. டீவி தொடங்குவது சாயந்தரம். படம் இல்லை என்று தெரிவதும், நானா ஏணியை எடுப்பதும் அப்போதுதான். மாமியின் மகள் கிணற்றடியில் துணி அலசுவதும் அசர் தொழுகைக்குப் பிறகு அந்த நேரம்தான். அன்டனா பார்க்கிறது அவர்களுடைய வீட்டை. ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற உம்மா வேறு என்ன நினைப்பார்? டீவி பார்க்க அவர்கள் வருவது நின்றது. வேலி இடுக்கில் ஒரு தகரம் வந்தது.

ஒரு நாள் மாமி எங்கள் வீட்டு முன் கேற்றால் வந்தார், குடை பிடித்துக்கொண்டு. பின்வேலியால் மட்டுமே வந்து போகிற மனிதர். உம்மா அவரைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வாப்பா கடைக்குப் போகாத நாள். மாமி கதிரையில் இருக்கவில்லை. கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி பேசினார்.

"நேத்து ஒங்கட மகன் கூப்புடாம ஏறின. என்ட மக தலையில துணியில்லாம கெணத்தடியில நிண்ட."

"அவன் கூப்புடாம ஏர்றல்ல," என்றார் உம்மா.

"கூப்புட்டா ஆரு கேட்ட?"

முந்தின நாள் அந்த நேரம் உம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் டீவிக்குப் பக்கத்தில் நின்றேன். படம் இல்லாத டீவி இரைகிற இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்டிருக்காது. என்னை யாரும் கேட்கவுமில்லை.

மாமி அழவில்லை, சத்தம் போடவுமில்லை. அலவத்துகொடையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வருகிறார்கள், இந்தக் கதை அவர்கள் காதில் விழுந்தால் நான் எங்கே போவேன் என்று மட்டும் கேட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு முன் கேற்றாலேயே போனார்.

வாப்பா நானாவைக் கூப்பிட்டார். அவரும் சத்தம் போடவில்லை.

"நேத்து கூப்புட்டா ஏறின?"

"கூப்புட்ட வாப்பா."

"அப்ப அன்டனாவ ஆரு திருப்புற?"

நானா, மாமி என்று சொல்ல வாய் எடுத்தார், சொல்லவில்லை. பதில் வராத அந்த நேரத்தில்தான் எல்லாம் முடிவானது என்று நினைக்கிறேன். அந்த வாரமே நானாவைக் கொழும்பில் வாப்பாவின் மச்சானுடைய துணிக்கடைக்கு அனுப்பினார்கள். சோதனை முடிவு வரும்வரை என்று சொன்னார்கள். முடிவு வந்தது, நல்ல முடிவுதான், மேலே படிக்கலாம் என்றார்கள். அதற்குள் மாமா சவூதிக்கு விசா எடுத்துவிட்டார். கொழும்புக்குப் பஸ் ஏறப் போன அன்று நானா பின்பக்கம் போய் அன்டனாவை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். அது மாமியின் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஏறித் திருப்பாமலே போனார்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். நானா கொழும்புக்குப் போன சில நாளில் பலாக்காய் வாங்குகிற லொறிக்காரர் வந்தார். வருஷா வருஷம் வருகிறவர். மாமியின் மரத்தில் அந்த வருஷம் காய்ப்பு அதிகம். கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நாங்கள் பால் ஒட்டாமல் இருக்கக் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு எண்ணிக்கொண்டு நின்றோம். நீங்களும் நின்றீர்கள். அடிமரத்துக் காயை விட, நீண்ட கொப்பில் தொங்கினவைதான் பெரிது என்று ஞாபகம்.

மறுநாள் சாயந்தரம் வாப்பா டீவிக் கதவைத் திறந்தார். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. யாரும் ஏறவில்லை, யாரும் தொடவில்லை. அன்டனா நுவரெலியாப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த நாளும் அப்படித்தான். அடுத்த வாரமும். வாப்பா உம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பாத்தீங்களா."

அவ்வளவுதான். உம்மா தலை குனிந்துகொண்டார். மகனை நம்பியிருந்த ஒரே ஆள் அன்றைக்கு நம்பிக்கையை விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவன் இருந்தால் கெடுகிறது, அவன் போனால் சரியாகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஊரும் சொன்னது. அன்டனா நானா என்ற பெயர் அந்த வாரத்தில்தான் வந்தது. மாமியின் மகளுக்கு அலவத்துகொடையில் அவசரமாகக் கலியாணம் நடந்தது.

நானா விடுமுறையில் வந்து போனார். கலியாணம் முடித்தார், பிள்ளைகள் பெற்றார். வீட்டில் டீவி ஓடினால் எழுந்து விறாந்தைக்குப் போவார். பிற்காலத்தில் தட்டு அன்டனா பூட்ட ஆள் வந்தபோது, நானா, கொஞ்சம் பிடியுங்கள் என்று யாரோ தெரியாமல் கேட்டுவிட்டார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தரம்தான் பேசினார். அப்போதும் "நான் கூப்புட்ட தங்கச்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படி விளங்கியது என்று கேட்பீர்கள். இப்போது நான் இருக்கிற வீட்டில் துணி காயப்போடுகிற கயிறு குளியலறை ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு பலாக் கொப்புக்குக் கட்டியிருக்கிறது. போன காய்ப்பில், நாள் போகப் போக, போர்வையின் ஓரம் மண்ணில் பட்டு அழுக்காகிக்கொண்டு வந்தது. மருமகள்தான் கயிற்றை இளக்கிவிடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தைக் காட்டினேன். அவளும் முகத்தைக் காட்டினாள். ஒரு நாள் மகன் காய்களை வெட்டி இறக்கினான். மறுநாள் காலையில் நனைந்த போர்வையோடு போனால் கயிறு என் கைக்கு எட்டவில்லை. கொப்பு மேலே போயிருந்தது.

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். சேலை முழுக்க நனைந்தது. நானா மௌத்தாகி அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது.

காய் பருக்கப் பருக்க அந்தக் கொப்பு மாமியின் வளவுப் பக்கம் இறங்கியிருக்கிறது. இறங்கினது கம்பியை இழுத்திருக்கிறது. கம்பி பைப்பில் ஒரு பக்கமாக நீட்டி நின்ற போல்ட்டில்தான் கட்டியிருந்தது. அது பைப்பைத் திருப்பியிருக்கிறது. காயை இறக்கியதும் கொப்பு எழும்பி, கம்பி தளர்ந்து, மற்ற இரண்டு கம்பியும் பைப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. மாமி ஆணி வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் கம்பி அடிமரத்தில் இருந்திருக்கும். மாமியைக் குற்றம் சொல்லவில்லை. மரம் பட்டுப்போகும் என்று பயந்தார், அது நியாயம்.

இதை நீங்கள் உடனே நம்ப வேண்டாம். நானே என்னை முழுதாக நம்பவில்லை. நானாவுக்காக நானாகவே கட்டிக்கொண்ட கதையோ என்று இரவில் யோசனை வருகிறது. அந்த வீடும் இல்லை, மரமும் இல்லை, டீவிப் பெட்டியில் பிற்காலத்தில் என் தம்பி கோழிக்குஞ்சு வளர்த்தான், சாவி எங்கே போனதோ தெரியாது. அதனால் ஞாபகம் இருக்கிற யாராவது சரி பார்த்துச் சொல்லுங்கள். கம்பி கொப்பில்தானே கட்டியிருந்தது? லொறி வந்தது நானா போன பிறகுதானே? கொப்பில் தொங்கின காய்கள் பெரிதுதானே? நான் சொன்னது பிழை என்றால் பிழை என்று எழுதுங்கள், கோபிக்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. அன்டனாவைத் திருப்பினது நானா இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் கூப்பிட்டாரா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மாமியின் மகள்தான். அவர் அலவத்துகொடையில் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறார் என்று கேள்வி. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், சபையில் வேண்டாம், தனியாக இருக்கும்போது கேளுங்கள், அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டதா என்று. கேட்டதென்று சொன்னால் எனக்கு அது போதும். கேட்டும் ஏன் உள்ளே போகவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.